பெல்ட் இல்லை, செயின்

“ரெண்டு பைக்குமே பெல்ட்டு வண்டிதான?” என்று மைதிலி கணவரின் காதோரம் குனிந்து கேட்டாள். இல்லை என்று தெரிந்தேதான் கேட்டாள்.

நாகேந்திரனின் இமைகள் துடித்தன. மூக்கில் செருகியிருந்த குழாய் லேசாக அசைந்தது. ஏதோ கிணற்றிலிருந்து ஏறி வருபவர்போல மெல்ல மேலே வந்து கண்ணைத் திறந்தார்.

“செயினு,” என்றார். மூச்சு வாங்கினார். “ரெண்டும்... செயினு.”

“அதான பார்த்தேன்.”

சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால். இதற்கு முந்தைய தப்புக்கு ஆறு நிமிடம் விழித்திருந்தார். பெல்ட்டுக்கு நான்கு நிமிடமாவது வரும் என்று மைதிலி நினைத்தாள். மூன்றரையில் இமை சரிந்தது.

இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட, நேற்று சாயங்காலம்தான் கோவில்பதாகை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். “நுரையீரல் ரொம்ப கெட்டுப்போச்சும்மா. உள்ள போற காத்து வெளிய வரல. கெட்ட காத்து ரத்தத்துல சேரச் சேர தூக்கமா வரும். அந்தத் தூக்கத்துலேர்ந்து எழுப்பறது கஷ்டம்,” என்றார் டாக்டர். இளவயது டாக்டர். சொல்லும்போது மைதிலியைப் பார்க்காமல் கையிலிருந்த பேனா மூடியைப் பார்த்தார். மைதிலிக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. யார்மேல் பாவப்பட வேண்டும் என்பதில் அவளுக்கு எப்போதுமே ஒரு குளறுபடி உண்டு.

விடிந்ததும் பெங்களூரிலிருந்து மகள் சுவேதா போன் செய்தாள். “பஸ் ஏறிட்டேம்மா. நான் வர்ற வரைக்கும் அப்பாவ தூங்க உடாத. ப்ளீஸ்மா. ஒரு வார்த்த பேசணும்.”

போன சனிக்கிழமையே வருகிறேன் என்றுதான் சொன்னாள் சுவேதா. “நல்லாத்தான் கீறாரு. சும்மா லீவப் போட்டு வேஸ்ட் பண்ணாத,” என்று தடுத்தது மைதிலி. அந்த வாக்கியத்தை நேற்றிலிருந்து எத்தனை முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள் என்று கணக்கில்லை. எப்படிச் சொன்னாலும் அது அதே வாக்கியமாகத்தான் இருந்தது.

காலையிலிருந்து எல்லா வைத்தியமும் செய்து பார்த்தாகிவிட்டது. கன்னத்தைத் தட்டினாள். ஈரத்துணியால் முகம் துடைத்தாள். நாத்தனார் பஞ்சவர்ணம் கட்டில் காலருகே உட்கார்ந்து, தம்பிக்கு ஐந்து வயதில் அம்மை போட்ட கதையை ஆரம்பித்தாள். அதில் அவர் இன்னும் வேகமாகத் தூங்கிப்போனார். கடைசியில் மைதிலிக்குத்தான் அந்த வழி தட்டியது. “மீட்டியாரு ஐநூறு சிசி வண்டிதான?” என்று வாய்க்கு வந்ததைக் கேட்டாள். கண் திறந்துகொண்டது. “ஆறு... நூத்தி... நாப்பத்தெட்டு.”

மூன்று வருடமாக அந்த வீட்டின் பேச்சில் இரண்டு பெரிய பைக்குகள் குடியிருந்தன. ஒன்று சூப்பர் மீட்டியார், இன்னொன்று வல்கன். வீட்டு வாசலில் நின்றதென்னவோ பழைய எக்ஸெல் மொபெட்தான். அதில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வந்தபடியே நாகேந்திரன் அந்த இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். மைதிலி சாம்பார் தாளிக்கும்போது எடை. துணி உலர்த்தும்போது டேங்க். படுத்தபிறகு சீட்டின் உயரம். பக்கத்துத் தெருவில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் இஸ்மாயில் பாயைக் கூட்டிக்கொண்டு ஷோரூம் ஷோரூமாகப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். ஐந்தடி இரண்டங்குல மனிதர். மீட்டியாரில் உட்கார்ந்தால் நுனிக்கால்தான் தரையில் படும். அதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. இஸ்மாயில் பாய் சொன்னார்.

“வாங்கறதுன்னா வாங்கித் தொலை. இல்லாட்டி வாய மூடு,” என்று ஒருநாள் மைதிலி கரண்டியோடு கத்தினாள்.

“வாங்கிட்டா அப்பறம் இன்னாத்தமே பேசறது?” என்றார் அவர்.

பதினொன்றே காலுக்கு சுவேதா மறுபடி கூப்பிட்டாள். ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் லாரி ஏதோ குறுக்கே நிற்கிறதாம், பஸ் நகரவில்லையாம். “அப்பா முழிச்சிகினு கீறாரா?”

“வண்டிய பத்திப் பேசிகினு கீறாரு. நீ வா.”

இஸ்மாயில் பாய் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே வந்து நண்பரைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. “நான் பூந்தமல்லி போய் நின்னுக்கறேன்மா. பஸ்ஸ உட்டு எறங்குனதும் ஏத்திகினு வந்துர்றேன்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஏதாவது செய்யக் கிடைத்ததில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மைதிலி கட்டிலுக்குத் திரும்பினாள்.

“தோ பாரு. வல்கன் இன்ஜினுக்குத் தண்ணி ஊத்த வேணாம்தான? காத்துலயே ஆறிரும்?”

இந்த முறை நேரமெடுத்தது. தோளை உலுக்கினாள். “காத்துலதான?”

“அது... மீட்டியாரு. வல்கன்... லிக்விடு.”

“சரி, பாக்கறதுக்கு எது நல்லா கீது?”

“மீட்டியாரு. பெரிய மனுசன்... மாதிரி கீது. வல்கன்...” என்று தேடினார். “காலேஜ் பையன்.”

“ரேட்டு ஒண்ணுதான?”

“இன்னா பேசற நீ,” என்று கோபமே வந்துவிட்டது அவருக்கு. “வல்கன்ல பாதி... கூட... கொஞ்சம்... மீட்டியாரு.” கோபத்துக்குச் செலவான மூச்சைத் திரும்பப் பிடிக்க நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. மைதிலிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் எட்டு நிமிடம் விழித்திருந்தார். எட்டு நிமிடத்தில் ஒரு பஸ் எவ்வளவு தூரம் வரும்?

தப்புகள் தீர்ந்துகொண்டே வந்தன. மூன்று வருடம் காதில் விழுந்ததெல்லாம் சரியாகவே மனதில் பதிந்து கிடந்தது. வேண்டாம் வேண்டாம் என்று ஒதுக்கியவளுக்கு இத்தனை தெரிந்திருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. போனை எடுத்து, அவர் வழக்கமாகப் பார்க்கும் பக்கத்தைத் திறந்து, புதிதாகத் தப்புச் சொல்வதற்காகச் சரியானதைத் தேடிப் படித்தாள். பரீட்சைக்குக்கூட அவள் இப்படிப் படித்ததில்லை.

“அஞ்சு வருசம் ஓட்டிட்டு வித்தா எதுக்குயா நல்ல வெல வரும்?”

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐந்து வருடம்.

நாகேந்திரன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நெற்றியில் சுருக்கம் விழுந்தது.

“மீட்டியாருக்கு... தெருவுக்கு ஒருத்தன் வருவான். வல்கனுக்கு... ஆளத் தேடணும்.” கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் கவனித்தார். “அஞ்சு வருசத்துல... எவன் விப்பான். நானு... பத்து வருசம் ஓட்டுவேன்.”

“ஓட்டு. யாரு வேணாண்றது.”

பன்னிரண்டரை. சுவேதா பூந்தமல்லியில் இறங்கிப் பாயோடு கிளம்பிவிட்டதாக மெசேஜ் வந்தது. மைதிலி அதைச் சத்தமாகப் படித்தாள். அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. விரல்நுனிகள் நீலம் பாரித்திருந்தன.

“மீட்டியாரு எடை நூத்திருவது கிலோ,” என்றாள். “யோவ். நூத்திருவது.”

உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை. படுக்கைமேல் கிடந்த கையில் இரண்டு விரல்கள் மட்டும் நிமிர்ந்தன. இருநூறு.

“இருநூத்தி?”

“நீ...” என்றார். கண் திறக்கவில்லை. “வேணும்னே... தப்பு தப்பா சொல்ற.”

மைதிலி அவர் தலையணையைச் சரிசெய்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

“ஆமா. தூங்காத.”

உதட்டின் ஒரு ஓரம் மேலே போனது. சிரிப்புத்தான். “இன்னொண்ணு சொல்லு.”

“மீட்டியாருக்கு சைலன்சரு ஒண்ணுதான்,” என்றாள்.

காத்திருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு. ஒரு பக்கம்தான்.”

காத்திருந்தாள்.

“இல்ல, மூணு. மூணு சைலன்சரு.”

ஆக்ஸிஜன் மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நைட்டியின் முனையைச் சுருட்டிப் பிடித்தபடி அவர் நெஞ்சையே பார்த்தாள். ஏறும் என்று பார்த்தாள். ஏறவில்லை. கடிகாரம் பன்னிரண்டு நாற்பதைக் காட்டியது.

“இன்னாமே மைதிலி, சத்தத்தையே காணம்?” கஞ்சி வைக்கப் போயிருந்த பஞ்சவர்ணத்தின் குரல் சமையல்கட்டிலிருந்து வந்தது.

பஞ்சவர்ணம் வாய்விட்டு அழுதால் பஸ் ஸ்டாப் வரை கேட்கும். ஒரு நிமிடத்தில் தெருவே வாசலில் நிற்கும். இரண்டாவது நிமிடத்தில் யாராவது ஒரு புண்ணியவான் சுவேதாவுக்குப் போன் செய்வான். பாயின் முதுகுக்குப் பின்னால், லாரிகளுக்கு நடுவில், அவள் அந்தப் போனை எடுப்பாள்.

“ரேட்டு பேசிகினு கீறோம் அண்ணி,” என்றாள் மைதிலி.

“நல்லாப் பேசுனீங்க போ. ஆயுசு பூரா இதே பேச்சு.”

மைதிலி போனைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலின் ஓரம் உட்கார்ந்தாள். படித்தாள். டேங்க், பதினைந்து புள்ளி ஏழு லிட்டர். வல்கன் பதினாலு. முன்சக்கரம் பத்தொன்பது இன்ச். இனி தப்பாகச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் எல்லாம் சரியாகவே வந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில், அவர் பதில் சொல்லப் பிடிக்கும் அளவு இடைவெளி விட்டாள். அந்த இடைவெளி ரொம்ப வெறுமையாகக் கேட்கவே, குரலைக் கனமாக்கிக்கொண்டு அவருக்காகத் தானே “ம்” என்றாள். பிறகு அடுத்தது. பிறகு “ம்”. ஒருமுறை குரல் உடைந்தது. இருமி அதை இருமலாக்கினாள்.

வாசலில் வண்டி நின்றது. செருப்பைக் கழற்றுகிற சத்தம். சுவேதா முதுகுப் பையோடும் கையில் ஹெல்மெட்டோடும் உள்ளே வந்தாள். முகமெல்லாம் புழுதி.

“சீட்டு எழுநூத்தி நாப்பது மில்லிமீட்டரு,” என்று மைதிலி படித்தாள். மகளைப் பார்த்தாள். படிப்பதை நிறுத்தவில்லை. “வல்கனு எழுநூத்தியஞ்சு.”

சுவேதா பையைக்கூட இறக்காமல் மண்டியிட்டு அப்பாவின் கையை எடுத்தாள். கை சில்லென்றிருந்தது. நெஞ்சைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அவள் வாய் திறந்துகொண்டது. மைதிலி சமையல்கட்டுப் பக்கம் கண்ணைக் காட்டி, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள். உனக்காகத்தான், இன்னும் கொஞ்ச நேரம்.

“எப்பம்மா?” என்று சுவேதாவின் உதடுகள் மட்டும் கேட்டன.

“பன்னண்டு நாப்பது,” என்றாள் மைதிலி, வண்டியின் அளவுகளைப் படித்த அதே குரலில்.

சுவேதா அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை. அந்தக் காதருகே போய் எதையோ சொன்னாள். என்னவென்று மைதிலிக்குக் கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவள் இன்னும் சத்தமாகப் படித்தாள்.

“வந்துட்டியாடி கண்ணு?” என்று உள்ளேயிருந்து பஞ்சவர்ணம் கேட்டாள். “நைனா முழிச்சிகினு கீறானா? கஞ்சி வச்சிருக்கேன், எடுத்தாறட்டா?”

சுவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சூடா கீதா அத்த?”

“கொதிக்குதுடி.”

“நல்லா ஆத்தி எடுத்துகினு வா.”

பஞ்சவர்ணம் இரண்டு டம்ளர்களை எடுத்தாள். கையை உயர்த்தி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினாள். தம்பிக்கு நாக்கு பொறுக்காது என்று முணுமுணுத்தபடி விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடாகவே இருந்தது. மறுபடி ஆற்றத் தொடங்கினாள்.