நனைந்த சட்டை

வீடு வீடாகப் போய் மூட்டைப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் மருந்தடிப்பது அவன் தொழில். முகமூடி விஷயத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. "வாயையும் மூக்கையும் மூடிக்கிட்டா விஷம் எந்த வழியா வரும்? காது வழியாவா?" என்று, கையுறையும் போடச் சொல்லும் மச்சானைக் கிண்டலடிப்பான். பதினொரு வருஷம் ஒரு தும்மல்கூட இல்லாமல் ஓடியது. தோலும் ஒரு வாசல்தான் என்று சொன்னால் கேட்கிற ஜென்மமா அது!

அன்று ஒரு விடுதியில் மெத்தைகளுக்கு அடிக்கும்போது, முதுகில் மாட்டியிருந்த டேங்க் கசிந்து இடது தோள் நனைந்துவிட்டது. துண்டால் துடைத்தான். மின்விசிறிக்குக் கீழே நின்று காயவைத்தான். காய்ந்துவிட்டால் மருந்தும் போய்விட்டது என்பது அவன் கணக்கு. மதியம் வீட்டுக்கு வந்து கை, கால், முகமெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினான். சட்டையைக் கழற்றவில்லை. சாயங்காலம் இன்னொரு வீடு பாக்கி இருந்தது.

எட்டு மாதப் பாப்பா அவனைக் கண்டதும் தாவியது. தோளில் போட்டுத் தட்டினான். கன்னத்தைச் சட்டையில் அழுத்திக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டது. குழந்தை முழித்துவிடுமே என்று ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான், பாவி.

"ஏங்க, என்ன இப்படி எச்சில் ஒழுகுது?" என்றாள் மனைவி.

"பல்லு முளைக்குதுல்ல, அதான்."

"பல்லு முளைச்சா இப்படியா வேர்க்கும்? ஐயோ, தலை துவளுதுங்க!"

இமையை விலக்கிப் பார்த்தான். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. மருந்து டப்பாவின் எச்சரிக்கைச் சீட்டில் அதைப் பற்றி ஒரு வரி உண்டு. பதினொரு வருஷமாகப் பார்த்த வரி. பாப்பாவை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

வாடகைக் காரில் பாப்பாவின் மூச்சு கரகரவென்று இழுத்தது. "என்கிட்ட குடுங்க" என்று மனைவி கை நீட்டினாள். அவன் விடவில்லை. விட்டால் உயிர் போய்விடும் என்று பயந்து, குழந்தையை இன்னும் இறுக்கி அதே தோளில் சாய்த்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டதும் மருந்தின் பெயரைச் சொன்னான்.

"குடிச்சிருச்சா?"

"இல்லீங்க, சத்தியமா ஒரு சொட்டுகூட வாய்ல படலை. காலைல என் சட்டைலதான் கொட்டிச்சு. அதுவும் காஞ்சிடுச்சு."

"எந்தச் சட்டை?"

அவன் கண் தன் தோளுக்குப் போனது. டாக்டரம்மா அவன் தோளைப் பார்த்தார். குழந்தையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "இன்னமும் இதுலயா சாய்ச்சு வெச்சிருக்கீங்க? அவ்வளவும் பிஞ்சுத் தோல் வழியா உள்ள இறங்குது! சிஸ்டர், துணியெல்லாம் கழட்டிட்டு சோப்பு போட்டுத் தண்ணி ஊத்துங்க, ஊசி எடுங்க!"

"பொழைச்சிக்குமாம்மா?"

"நீங்க முதல்ல தள்ளி நில்லுங்க. பிள்ளையைத் தொடாதீங்க."

கதவு மூடிக்கொண்டது. மனைவி அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஆனால் அவன் ஒரு எட்டு கிட்டே வந்ததும் பின்னுக்கு நகர்ந்துகொண்டாள்.

சட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிக்கொண்டு, ஓர் ஆயா அவனைக் குளியலறைக்குள் அனுப்பினார். தேய்த்தான். கழுவினான். மறுபடி தேய்த்தான். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். எந்தச் சத்தமும் வரவில்லை. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாயிற்று.

எவ்வளவு நேரமோ. கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"ஏங்க! பாப்பா அழுதுங்க! கண்ணு முழிச்சிட்டா! டாக்டர் உங்களை வரச் சொல்றாங்க, வாங்க!"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தான். அந்தக் கையைப் பார்த்தான். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"இந்தா வரேன்" என்றவன் மறுபடியும் குழாயைத் திறந்தான். "இன்னும் ஒரே ஒரு தடவை தேய்ச்சுக்கிறேன்."