அதுவரைக்காரன்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் செய்தித்தாளின் உள்பக்கத்தில், ஒரு மூலையில் கிடைத்தது. அணுமின் நிலையத்தைச் சுற்றி கம்பம் நட்டு அபாயச் சங்குகள் பொருத்தும் வேலை, தயாரிப்பாளர் சாமான் அனுப்பத் தாமதிப்பதால் தள்ளிப்போகிறது. அதுவரை ஒலிபெருக்கி வண்டிகள் பயன்படுத்தப்படும். அவ்வளவுதான் செய்தி. பக்கத்தைத் திருப்பியிருக்க வேண்டியவன், 'அதுவரை' என்ற சொல்லில் கால் தடுக்கி நின்றுவிட்டேன். அந்த வண்டியை யார் ஓட்டுவார்? சங்கு வந்த பிறகு அவர் என்ன ஆவார்?

முதல் வரி எழுதினேன்: "கம்பங்கள் தலையில்லாமல் நின்றன." பேய்க்கதை மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். அடுத்தது: "சங்கு வரவே கூடாது என்று அவன் தினமும்" — இதையும் முடிக்கவில்லை. ஊர் பிழைக்க வரவேண்டிய ஒன்று வரக்கூடாது என்று ஒருவன் வேண்டிக்கொண்டால், ஏன் என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டாமா?

2

ஓட்டுநர் தேவை என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். புது வேலைக்குப் போன அன்று ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், காற்று இரைச்சல் விழாமலிருக்கத் துணி சுற்றிய மைக் ஒன்று தொங்குவதைப் பார்த்தான். பேசுவது யார் என்று கேட்டான். நீங்கள்தான் என்றார் அதிகாரி அம்மா. ஒரே ஆளிடம் இரண்டு வேலை வாங்கும் வித்தை எல்லா அலுவலகத்துக்கும் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் எழுதிய ஆட்களிலேயே இவனைப் போல வாய்பேசாதவன் கிடையாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று கேட்டுக் கேட்டு அவன் மனைவிக்கு அலுத்துப்போயிருந்தது. அப்படிப்பட்டவன் மாதம் ஒரு முறை, ஒத்திகை நாளில், ஊர் முழுக்கக் கேட்கும்படி பேச வேண்டும். சொற்கள் அவனுடையவை அல்ல, ஒரு அட்டையில் அச்சடித்தவை:

"பொதுமக்களே, இது ஒத்திகை. வீட்டுக்குள் செல்லுங்கள். கதவு ஜன்னல்களைச் சாத்துங்கள்."

ஊர்க் கோடிவரை போய்த் திரும்பும்போது அட்டையின் மறுபக்கம்:

"ஒத்திகை முடிந்தது. கதவு ஜன்னல்களைத் திறக்கலாம்."

நியமன உத்தரவில் 'சைரன்கள் பொருத்தப்படும்வரை' என்று இருந்ததால் அவனுக்கு அலுவலகத்தில் அதுவரைக்காரன் என்று பெயர் விழுந்தது. சைரன் என்பது காகிதத்தில்தான். பேச்சில் எல்லாருக்கும் அது சங்கு.

3

மனைவி போனது சண்டை போட்டுக்கொண்டு அல்ல. சண்டைக்கும் இரண்டு பேர் பேச வேண்டுமே. அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அண்ணன் வீட்டுக்குப் போவதாகவும், திரும்பி வருவேனா தெரியாது என்றும் சொன்னாள். போகாதே என்ற ஒரு சொல்லுக்காக நின்றாள் என்பது எனக்குத் தெரிகிறது, உங்களுக்கும் தெரிகிறது. அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. தொண்டைவரை வந்த சொல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கடைசியில் அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நான் வேணா வண்டில கொண்டுபோய் விடட்டுமா?"

(ஓட்டுநர் புத்தி. இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எனக்குக் கை ஓடவில்லை.)

அவள் நடந்தே போனாள். அண்ணன் வீடு இருந்தது வண்டி போகும் வழியின் கடைசித் தெருவில். அழைக்காமல் அந்தத் தெருவுக்குள் கால் வைக்க அவனுக்கு முகமில்லை. ஆனால் மாதம் ஒரு முறை, அரசாங்கமே அவனை அங்கே அனுப்பியது. பச்சைச் சாயம் பூசிய ஜன்னல், அதற்குள் அவள். அந்த ஒரு ஜன்னலுக்காக அவன் மீதி நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். அங்கே போய் அவன் சொல்ல வேண்டியிருந்தது, ஜன்னலைச் சாத்துங்கள் என்று.

அவளும் சாத்தினாள். அவன் குரல் தெருமுனையில் கேட்டதுமே சாத்துவாள். திரும்பும்போது திறக்கலாம் என்று அவன் சொல்வான். ஜன்னல் திறக்காது. வண்டியின் பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே தெருவைக் கடப்பான்.

4

சங்கு வராமல் இருந்த விதத்தையும் சொல்ல வேண்டும். முதலில் குழல் தயார், உள்ளே வைக்கும் மின்பலகைதான் வரவில்லை என்றார்கள். மின்பலகை வந்தபோது குழலைக் கம்பத்தில் தாங்கும் சட்டத்தின் துளைகள் பொருந்தவில்லை. துளைகளைச் சரிசெய்தார்கள், உப்புக்காற்றில் பெயிண்ட் உரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அதிகாரி அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைப்பார்.*

ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்து, வண்டிக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொள்வான். இன்னொரு மாதம். இன்னொரு முறை அந்தத் தெரு.

* இந்தக் கதையைக் கேட்ட பத்திரிகை ஆசிரியரிடம் நானும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கதை முடிந்தால் இவனுக்கு வேலை போய்விடும். அந்த வகையில் நானும் அந்தத் தயாரிப்பாளரின் பங்காளிதான்.

5

ஒரு ஒத்திகை முடிந்த மதியம். அலுவலகம் என்பது பழைய சாமான் அறை. சுவரில் ஒரு வரைபடம், நடுவில் அணுமின் நிலையம், சுற்றிலும் வட்டங்கள். அதிகாரி அம்மா கடைசித் தெருவின் மேல் விரலை வைத்தார்.

"நிஜமாவே ஏதாவது ஆச்சுன்னா, நீங்க இங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடி காத்து போய்ச் சேர்ந்துடும்."

குற்றம் சொல்லும் குரல் அல்ல அது, களைத்த குரல். கடைசித் தெருவிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று அவன் கேட்டான். நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தானே முதல் ஆபத்து, அவர்களும் மனிதர்கள்தானே என்றார் அவர். நியாயம்தான்.

வண்டி தெருத்தெருவாக ஊர்ந்து அவளிடம் போக ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். சங்குக்கு ஒரு மூச்சு போதும். இத்தனை நாள் சங்கு வரக்கூடாது என்று வேண்டியபோது தான் என்ன வேண்டிக்கொண்டிருந்தோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அதிகாரி அம்மா வருவதற்கு முன்பே வந்து நின்று, சங்கு எப்போது வரும் என்று கேட்டான். அவனாகத் தேடிப்போய்ப் பேசியது அதுவே முதல் முறை. அடுத்த வாரம் தயாரிப்பாளரின் எண்ணை வாங்கி அவனே போன் செய்தான். பிறகு தினமும் செய்தான். அங்கே போன் எடுக்கிறவர் இவன் குரலைக் கேட்டாலே பெருமூச்சு விட ஆரம்பித்தார்.

(இவ்வளவு நல்லவனா? எழுதிவிட்டேனே தவிர எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆகவே ஒரு வரி சேர்க்கிறேன்: "இன்னும் கிளம்பல சார்" என்று கேட்கும்போதெல்லாம் அவனுக்கு உள்ளுக்குள் இனித்தது. இப்போது நம்புகிறேன்.)

6

டயருக்குக் காற்றடிக்கும் கடையில் மச்சானைப் பார்த்தான். அவளுடைய அண்ணன். நல்ல மனிதர், யார் பக்கமும் பேசமாட்டார். தானாகவே சொன்னார்:

"மாப்ள, நீங்க வந்தா தெருவே வாசல்ல நின்னு வேடிக்கை பாக்குது. சொன்னபடி ஜன்னல் சாத்துறது எங்க வீடு மட்டும்தான். அவதான் சாத்துறா. நீங்க திறக்கலாம்னு சொன்னப்புறமும் அங்கயேதான் நிக்கிறா, வண்டிச் சத்தம் போற வரைக்கும்."

"ஏன்?"

"அத நீங்கதான் அவகிட்ட கேக்கணும்."

கேட்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. காற்றடித்து முடித்த பிறகும் அவன் அங்கேயே நின்றான். அவள் சாத்துவது இவன் முகத்தில் அடிப்பதற்கா? அல்லது இவன் சொல்லை அந்தத் தெருவில் கேட்கிற ஒரே ஆள் அவள்தானா? இத்தனை நாள் செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நினைத்திருந்தது வேறு எதுவோ என்று தோன்ற, அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தாங்கமுடியாமல் இருந்தது.

7

சங்குகள் வந்துவிட்டன. லாரியில், வைக்கோல் திணித்த பெட்டிகளில். கம்பங்களுக்குத் தலை வந்தது. கடைசியாக ஒரு முறை வண்டியில் ஒத்திகை, அடுத்த மாதம் முதல் சங்கு என்று உத்தரவாயிற்று.

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன.

ஒன்று: அவன் அட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு மைக்கிலேயே மனதைக் கொட்டுகிறான். தெரு கைதட்டுகிறது. எழுதிப் பார்த்தேன். அவள் வெட்கத்தில் செத்துப்போவாள். மேலும் ஆபத்தைச் சொல்லும் மைக் அது. அதில் சொந்தக் கதை பேசினால் நாளைக்கு நிஜமான அறிவிப்பை யார் நம்புவார்கள்?

இரண்டு: தயாரிப்பாளரிடமிருந்து ஒரு செய்தி. குழல்களில் குறை, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பவும். என் பேனாவுக்கு அது ஒரு வரி வேலை. அவனுக்கு இன்னும் ஒரு வருடம் கிடைக்கும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைசித் தெருவில் குழந்தைகளும் இருக்கிறார்கள், அவளும் இருக்கிறாள். அவனே வேண்டாம் என்று விட்டதை நான் கொடுப்பது —

(இந்த வாக்கியம் போதும்.)

8

கடைசி ஒத்திகை. கோடிவரை போய், வண்டியைத் திருப்பி, "கதவு ஜன்னல்களைத் திறக்கலாம்" என்று படித்துக்கொண்டே பச்சை ஜன்னலுக்கு எதிரே வந்தான். வண்டியை நிறுத்தினான். அட்டையில் இல்லாத காரியம் அது.

நான் அவனுக்கு அழகாக ஒரு வசனம் எழுதிவைத்திருந்தேன். அதை அவன் பேசவில்லை. மைக்கை அணைத்தான். இறங்கி, சாத்திய ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். வண்டிக் கூரையின் ஒலிபெருக்கி இல்லாமல் அவன் குரல் இவ்வளவு சின்னதா என்று எனக்கே ஆச்சரியம்.

"இனிமே நான் வரமாட்டேன். சங்குதான் ஊதும். அப்பவும் இதே மாதிரி உடனே சாத்திடு. எனக்கு அது போதும்."

இதற்கு மேல் அவள் என்ன செய்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கடைசிவரை தெருவில், அவன் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அந்த அறைக்குள் ஒரு முறைகூடப் போகவில்லை. இத்தனை பக்கங்களாக அவன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பதில் ஒன்றும் பேசாமல், உள்ளே இருந்தது நீங்கள்தான்.

அவன் திரும்பிப் போய் வண்டியில் ஏறிவிட்டான். இன்னும் கிளம்பவில்லை. ஜன்னல் கொக்கியில் இருப்பது உங்கள் கை.