வெள்ளிப் பெயிண்ட் அடித்த கொக்கி

விவசாய இலாகாவின் மல்லேஸ்வரம் வண்டிக் கொட்டகையில் சின்னப்பா ஒன்பது வருஷமாகத் தற்காலிக மெக்கானிக். ஒன்பது வருஷம் தாங்குகிற தற்காலிகத்தை சர்க்காரால் மட்டும்தான் உண்டாக்க முடியும். எப்படியோ இந்தத் தடவை அவன் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறிவிட்டது. டைரக்டரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்த டைரக்டர் சீனிவாசராகவன் இன்று சாயங்காலம் கொட்டகைக்கே வந்து, விவசாயக் கண்காட்சி டிரெய்லரைக் கொடியசைத்து அனுப்பப் போகிறார். டிரெய்லரின் பின்விளக்கோ எரியவில்லை.

போன வாரம் எரிந்த விளக்குதான். கொட்டகை சூப்பிரண்டு கஸ்தூரிரங்கன் காலையிலிருந்து மூன்று பல்பு மாற்றச் சொல்லிவிட்டார். பிறகு பாட்டரிமேல் சந்தேகம் வந்து, புதிது கேட்டு மதராஸ் கம்பெனிக்குக் கடிதமும் எழுதினார். அவரைப் பொறுத்தவரை கடிதம் எழுதிவிட்டால் ரிப்பேர் பாதி முடிந்த மாதிரி.

சின்னப்பா ஒரு நீள ஒயரை எடுத்தான். ஒரு முனையை டிரெய்லரை இழுக்கிற பிக்கப் வண்டியின் இரும்புச் சேஸிஸில் கட்டி, மறுமுனையால் டிரெய்லர் விளக்கின் இரும்புக் கூட்டைத் தொட்டான். பளிச்சென்று எரிந்தது. ஒயரை எடுத்தான், அணைந்தது. விளக்குக்குப் போகிற கரண்டு கம்பி வழியாகப் போகிறது; திரும்பி வருவதற்கு டிரெய்லரை வண்டியோடு மாட்டுகிற கொக்கிதான் வழி. அந்தக் கொக்கியைக் கண்காட்சிக்கென்று கழற்றி, போல்ட்டு, வாஷர், உள்பக்கம், வெளிப்பக்கம் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் வெள்ளிப் பெயிண்ட் அடித்து மாட்டியிருந்தார்கள். பெயிண்ட்டைத் தாண்டிக் கரண்டு எங்கே வரும்?

“சார், இந்தப் பெயிண்ட்டு...” என்று ஆரம்பித்தான்.

“ஜோரா இருக்கோல்லியோ?” என்றார் கஸ்தூரிரங்கன். “நானே பக்கத்துல நின்னு ரெண்டு கோட் அடிக்க வெச்சேன். டைரக்டர் கண்ணுல முதல்ல படறதே அதுதான்.”

“சூப்பரா இருக்குது சார்,” என்றான் சின்னப்பா. வேறென்ன சொல்வான், பாவம்.

அவர் காபி குடிக்கப் போன சமயம் பார்த்துக் கொக்கியைக் கழற்றினான். வெளியே தெரியாமல் உள்பக்கத்தை மட்டும் அரத்தால் ராவி, திரும்ப முடுக்கினான். விளக்கு எரிந்தது.

ஐந்து மணிக்கு டைரக்டர் வந்தார். விளக்கைப் பார்த்தார், கொக்கியைப் பார்க்கவே இல்லை.

“காலம்பற எரியலைன்னு ஆபீசுக்குப் போன் வந்துதே. என்ன கோளாறு?”

கஸ்தூரிரங்கனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சின்னப்பா பெயிண்ட்டு என்று இழுத்ததும், காபிக்குப் பிறகு விளக்கு தானாக எரிந்ததும் ஏன் என்று அவருக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. சின்னப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதிகாரம் துளிகூட இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. சின்னப்பாவுக்கு மனசு இளகிவிட்டது.

“என் மிஸ்டேக்தான் சார். ஒயரை மாத்திக் குடுத்துட்டேன். அப்பால சரி பண்ணிட்டேன்.”

டைரக்டர் நிரந்தரப் பட்டியல் பைலைத் திறந்தார். “ஒயர் கொடுக்கத் தெரியாதவனையா பர்மனென்ட் பண்றேள், மிஸ்டர் கஸ்தூரிரங்கன்?”

“எனக்கும் அந்த யோசனை இருந்தது சார்.”

பேனா சின்னப்பாவின் பெயர்மேல் ஒரே கோடு போட்டது. ஒன்பது வருஷத்துக்கு ஒரு கோடு. கொடி அசைந்தது, எல்லோரும் கை தட்டினார்கள், டிரெய்லர் பின்விளக்கு சிவக்கச் சிவக்கத் துமகூர் ரோட்டுப் பக்கம் போய்விட்டது.

சின்னப்பா நேரே கஸ்தூரிரங்கன் முன்னால் போய் நின்றான்.

“சார், உங்க மானத்துக்கோசரம்தான் அப்படிச் சொன்னேன். உங்களுக்கே தெரியும்.”

கஸ்தூரிரங்கன் அவன் தோளைத் தொட்டார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

“தெரியும்ப்பா. நன்னாவே தெரியும். ஆனா அதை பைல்ல என்னன்னு எழுதறது, சொல்லு?”