வரிசையின் நடுவில் நான்கு இடம்

ராசம்மாவின் அண்ணன் பொன்னையா கொழும்பு கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருந்தார். நகரத்தில் எங்கே நாடகம், கச்சேரி, நாட்டியம் என்றாலும் பாதி நோட்டீஸ் அந்த அச்சகத்தில்தான் அச்சாகும். மை காயாத நோட்டீஸை மடித்து அடுக்குவது சின்ன வயதில் ராசம்மாவின் வேலை. அதனால் அந்த வீட்டுக்கு இலவச பாஸுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பதினெட்டு வயதுக்குள் அவள் பார்க்காத மேடை கொழும்பில் இல்லை. எந்த மண்டபத்தில் எந்த மூலையில் உட்கார்ந்தால் தூண் மறைக்காது என்றுகூட அவளுக்குத் தெரியும்.

மலைநாட்டில் வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரெண்டாம் கிளாக்கராக இருந்த செல்லசாமிக்கு அவளைக் கட்டிக் கொடுத்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அந்த ஆறு வருடத்தில் அவள் கொழும்புக்குப் போனது ஒரே ஒரு தடவை, அப்பாவின் சாவுக்கு.

குவாட்டர்ஸில் மூன்று அறை. எந்த ஜன்னலைத் திறந்தாலும் தேயிலை. உத்தியோகத்தர் பெண்டாட்டி என்பதால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போய்ப் பேசிக்கொண்டிருக்க முடியாது. பெரிய கிளாக்கர் வீட்டு அம்மாவிடம் ஊறுகாயையும் முழங்கால் வலியையும் தவிர வேறு பேச்சில்லை. பிள்ளையும் இல்லை. கொழும்புப் பத்திரிகை மறுநாள்தான் தோட்டத்துக்கு வரும். அதில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ என்ற பத்தியை ராசம்மா முதலில் படிப்பாள். அவள் படிக்கும்போது அவை எல்லாம் முடிந்து, மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கியிருப்பார்கள்.

“ஒரு தடவ கொழும்புக்குப் போயிட்டு வருவோமாங்க?” என்று கேட்டால் செல்லசாமி, “அடுத்த மாசம் பாப்போம்” என்பான். கோபமாகச் சொல்ல மாட்டான். அடுத்த மாதமும் அதே பதில்தான் வரும்.

அவன் ஏன் கொழும்பைத் தவிர்க்கிறான் என்பது கல்யாணமாகி இரண்டாம் வருடம் அவளுக்குத் தெரிந்தது. பெண் பார்க்க வந்தபோது, தாய் தகப்பன் இந்தியாவில் காலமாகிவிட்டார்கள், மாமன்தான் வளர்த்தார் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் பின்வாசலில் ஒரு வயதான பெண் மரக்கறிப் பையோடு வந்து நின்றாள். ராசம்மா “உள்ள வாங்க” என்று கையைப் பிடிக்கப் போனாள். அந்தப் பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, குனிந்தபடியே மூன்று அடி பின்னால் நகர்ந்தாள். “இருக்கட்டுங்கம்மா, நான் இங்கனயே நிக்கிறேன்” என்றாள். அவள்தான் செல்லசாமியின் தாய் ராக்காயி. றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்து அவனைப் படிக்க வைத்தவள்.

அன்றைக்கு ஆபீஸிலிருந்து வந்த செல்லசாமி அவள் சொன்னதைக் கேட்டதும் வாசல் கதவைச் சாத்தினான். பிறகு சொன்னான்: “லயத்துப் புள்ளைக்கு ஒங்க வீட்டுல பொண்ணு குடுத்திருப்பாங்களா? ஒங்க அண்ணனுக்கு இது தெரியவே கூடாது, ராசம்மா.”

அவள் தெரியவிடவில்லை. ராக்காயியும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லசாமி ‘ஹட்டனுக்கு’ப் போய் வருவான். தாயைப் பார்க்கத்தான் என்று தெரிந்தும் அவள் எதுவும் கேட்க மாட்டாள்.

அறுபத்தோராம் வருடம் ஆடிவேல் திருவிழாவுக்குப் பொன்னையா கடிதம் எழுதினார். ‘தங்கச்சியை இரண்டு கிழமைக்கு அனுப்பி வையுங்கள் மாப்பிள்ளை. கடைசிச் சனிக்கிழமை நீங்களே வந்து கூட்டிப் போகலாம்’ என்று நேரடியாகவே கேட்டிருந்தார். மறுக்கக் காரணம் கிடைக்காமல் செல்லசாமி சம்மதித்தான்.

அந்தப் பதினான்கு நாளும் ராசம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. அண்ணன் ஒரு துண்டு அட்டையில் நாள்வாரியாக எழுதி வைத்திருந்தார். திங்கள் வாய்ப்பாட்டு, செவ்வாய் நாட்டியம், புதன் ஓவியக் கண்காட்சி, வியாழன் நாடகம். வெள்ளவத்தையில் வேல் ஊர்வலம் பார்த்துவிட்டு, கரும்பைக் கடித்துக்கொண்டே பஸ் ஏறி இன்னொரு மண்டபத்துக்கு ஓடினார்கள். அண்ணி களைத்துப்போய், “எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு, நீங்க ரெண்டு பேரும் போங்க” என்று ஒரு நாள் படுத்துவிட்டாள். ராசம்மா படுக்கவில்லை. மண்டபத்தின் சூடும், மல்லிகைப்பூ வாசனையும், திரை விலகுவதற்கு முன்னால் வரும் அந்த ஒரு நிமிட அமைதியும் அவளுக்குச் சோறு தண்ணீர் மாதிரி இருந்தன. 

வியாழக்கிழமை பார்த்த நாடகம் ஒரு சிரிப்பு நாடகம். கொழும்பில் ஒரு பணக்கார வீட்டுக்குத் தோட்டத்திலிருந்து வேலைக்காரி வருகிறாள். ஓர் ஆண் நடிகர் சேலை கட்டி அந்த வேடத்தில் வந்தார். மின்விசிறி சுழன்றால் அவள் தரையில் படுத்துவிடுவாள். டெலிபோன் மணி அடித்தால், காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, “ஐயோ, பெரட்டுக்கு நேரமாச்சு!” என்று கூடையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டு ஓடுவாள். மண்டபமே குலுங்கியது. ராசம்மாவுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, படுத்திருந்த அண்ணிக்கு அதை நடித்தும் காட்டினாள்.

மக்கள் விரும்பிக் கேட்டதால் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மறுபடியும் போடுவதாக அறிவித்தார்கள். செல்லசாமி அன்று பகல் ரயிலில் வந்து இறங்கினான். சட்டையெல்லாம் கரி.

“படுத்துத் தூங்குறேனே” என்றான்.

“ஒரே ஒரு நாடகம் பாருங்க. எனக்காக. வயிறு வலிக்கச் சிரிப்பீங்க” என்றாள் ராசம்மா. கொழும்பு அவனுக்குப் பிடித்துவிட்டால் வருடா வருடம் வரலாம் என்பது அவள் எண்ணம். அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் நட்டநடுவே நான்கு இடம். இடது பக்கம் அண்ணி, அடுத்து ராசம்மா, செல்லசாமி, பொன்னையா. திரை விலகியது. வேலைக்காரி மேடைக்கு வந்தாள். வீட்டுக்கார அம்மா “வா உள்ளே” என்று கூப்பிட, வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்தபடியே மூன்று அடி பின்னால் போனாள்.

“இருக்கட்டுங்கம்மா, நான் இங்கனயே நிக்கிறேன்.”

மண்டபம் சிரித்தது. ராசம்மாவுக்குத் தன் வீட்டுப் பின்வாசல் தெரிந்தது. வியாழக்கிழமையும் இதே வசனந்தான் வந்திருக்கும். அன்றைக்கு இது காதில் விழுந்ததா இல்லையா என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. எழுந்து போகலாம் என்றால் இரண்டு பக்கமும் பன்னிரண்டு, பன்னிரண்டு பேர். எழுந்தால் அண்ணன் ஏன் என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது?

பொன்னையா செல்லசாமியின் தொடையில் தட்டினார். “எப்புடி மாப்புள்ள? நீங்க தினமும் பாக்குற ஆளுங்கதானே! அச்சு அசல் இல்ல?”

“ஆமாங்க மச்சான்” என்றான் செல்லசாமி. பிறகு சிரித்தான். மற்றவர்கள் சிரித்த இடத்தில் எல்லாம் சிரித்தான். டெலிபோன் மணிக்கு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கையும் தட்டினான். இன்னும் ஒன்றரை மணி நேரம் நாடகம் ஓடியது. அந்த ஒன்றரை மணி நேரமும் ராசம்மா தன் சேலை முந்தானையைப் பிடித்தபடி, மேடையில் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ரயில் நாவலப்பிட்டியைத் தாண்டியது. மலை ஏற ஏறக் குளிர் வந்தது. அவன் எழுந்து ஜன்னலை மூடினான். றொசல்லயில் வண்டி நின்றபோது, மூடிய கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான்.

“நீ முன்னாடியே பாத்த நாடகந்தானே?”

“ம்.”

“அன்னைக்குச் சிரிச்சியா?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “சிரிச்சேங்க.”

“நானுந்தான் சிரிச்சேன்” என்றான் அவன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் முன்னைவிடப் பிரியமாக நடந்துகொண்டான். பத்திரிகையைத் தானே கொண்டுவந்து மேசையில் வைப்பான். அவள் அதைப் பிரிக்காமல் வைத்திருந்தால், “படிக்கலையா?” என்று கேட்பான். உடனே எடுத்துப் பிரிப்பாள்.

அடுத்த வருடம் ஆடி பிறக்கும் முன்பே பொன்னையாவின் கடிதம் வந்தது. இந்தத் தடவை பதினோரு நாளைக்கு ஒன்பது நிகழ்ச்சி.

“நான் போகலங்க” என்றாள் ராசம்மா.

“ஏன்?”

“மனசு இல்ல.”

செல்லசாமி கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான். “போன வருசம் அப்பிடித் துள்ளிக்கிட்டிருந்தவ இந்த வருசம் வரலைன்னா, ஒங்க அண்ணன் ஏன்னு கேப்பாரு. மாப்புள்ளைக்கு ஏதும் கோவமான்னு கெளப்புவாரு. ஒன்னு கேட்டா இன்னொன்னு வரும். பேசாம போய், நல்லா பாத்துட்டு வா.”

ஆறு வருடமாக அவள் ஏங்கிய வார்த்தை அது. இப்போது அது ஆபீஸ் உத்தரவு போல இருந்தது.

“அப்பன்னா, போற வழியில றொசல்லயில எறங்கி அத்தையப் பாத்துட்டுப் போறேன்.”

“வேணாம்.”

“பாத்துட்டு அடுத்த வண்டியப் புடிச்சிருவேங்க.”

“வேணாம்னு சொல்றேன்ல” என்று எழுந்து போய்விட்டான்.

ஆனால் காலை வண்டி றொசல்லயில் நின்றபோது அவள் இறங்கினாள். வழி கேட்டுக் கேட்டு, பாதி மலை ஏறி, லயத்தைக் கண்டுபிடித்தாள். பகல் சாப்பாட்டு நேரம். ராக்காயி மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் சாக்கு, நனைந்த தலைத்துணி. ராசம்மாவைக் கண்டதும் நின்ற இடத்திலேயே நின்றாள். 

“எம்புள்ளைக்கு என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல அத்தை. நல்லா இருக்காங்க. நான் ஒங்களப் பாக்கத்தான் வந்தேன்.”

ராக்காயி மேலே பார்த்துக் கும்பிட்டாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவளை அவசரமாகத் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். இருந்த ஒரே முக்காலியைத் துடைத்துப் போட்டாள். ராசம்மா உட்கார்ந்த பிறகும் அவள் உட்காரவில்லை.

“ஒக்காருங்க அத்தை.”

“இருக்கட்டும்மா.” பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, சுவரோரமாக நின்றாள். “நீங்க இங்கெல்லாம் வரக்கூடாதும்மா. யாராச்சும் பாத்து வட்டகொடையில போய்ச் சொன்னா தம்பிக்குக் கேவலம். கஸ்டப்பட்டு மேல வந்த புள்ள.”

“அவுங்க அம்மாவ நான் பாக்க வர்றதுல என்ன கேவலம்?”

ராக்காயி வெற்றுக் கோப்பையை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். “ரெண்டு மணி வண்டிக்குக் கெளம்புனாத்தான் சரியா இருக்கும்” என்றாள். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வெளியே ஆள் இல்லாததைப் பார்த்துவிட்டு, பின்பக்கத்துக் குறுக்குப் பாதையைக் காட்டிவிட்டாள். சொல்ல வந்த வார்த்தை எதையும் சொல்லாமலே ராசம்மா அந்தப் பாதையில் இறங்கினாள். மன்னிப்புக் கேட்கவே அவள் வந்திருந்தாள். எதற்கு மன்னிப்பு என்று சொல்ல வேண்டுமானால் நாடகத்தைச் சொல்ல வேண்டும். அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

வண்டி தவறிவிட்டது என்று அண்ணனிடம் சொன்னாள். “நாட்டியம் போச்சே!” என்று அவர் வருத்தப்பட்டார்.

மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் போனாள். வாய்ப்பாட்டு நன்றாக இருந்தது. அவளால் அதை மறுக்க முடியவில்லை. பாடகி மேலே ஏறிப் பிடித்த ஓர் இடத்தில், பழைய மாதிரியே உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. இந்த நகரத்தை விட்டுவிடவும் முடியவில்லை, இதற்குள் முழுதாக இருக்கவும் முடியவில்லை.

ஐந்தாம் நாள் அதே நாடகக் குழுவின் புது நாடகம். “இதுலயும் தோட்டத்து ஆளு வருதாண்ணா?” என்று பஸ்ஸிலேயே கேட்டாள்.

“அது இல்லாம யாரு வருவா? இந்தத் தடவ புருசன் பெண்டாட்டி ரெண்டு பேராம்” என்று பொன்னையா உற்சாகமாகச் சொன்னார்.

அந்த இரண்டு பேரும் மேடைக்கு வந்து வாயைத் திறந்ததும் ராசம்மா எழுந்துவிட்டாள்.

“எங்க போற?” என்றாள் அண்ணி.

“தலவலி அண்ணி.”

முழங்கால்களைத் தாண்டித் தாண்டி, “உஸ்” என்ற அதட்டல்களுக்கு நடுவே வெளியே வந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. காலிக்குப் போகும் பெரிய வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. தனியாக வீட்டுக்குப் போனால் கேள்வி வரும். உள்ளே போக முடியாது. வாசல் படியில் நின்றாள். டிக்கட் கிழிப்பவர் அவளை விநோதமாகப் பார்த்து, “உள்ள போங்கம்மா, இனிமேதான் நல்ல கட்டமே” என்றார்.

“காத்து வாங்குறேன்” என்றாள்.

சுவருக்குப் பின்னால் சிரிப்பு எழுந்து அடங்கியது, மறுபடியும் எழுந்தது. வசனம் கேட்கவில்லை. கேட்காமலே எந்த இடம் என்று அவளால் ஊகிக்க முடிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றாள். கடைசியில் கதவுகள் திறந்தன. ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பொன்னையா அவளைத் தேடி வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

“நல்ல கட்டத்தையெல்லாம் விட்டுட்டியே தங்கச்சி. பரவாயில்ல. நாளைக்கு வீணை, வெள்ளிக்கிழமை கண்காட்சி. சனிக்கிழமை இதையே திரும்பப் போடுறாங்க, நாலு பாஸ் சொல்லி வச்சிட்டேன். மாப்புள்ளையும் வந்துருவாருல்ல?”

“அவுங்களுக்கு லீவு கெடைக்காதுண்ணா.”

“அப்ப நம்ம மூணு பேரும் போவோம்” என்றார் பொன்னையா.

“சரிண்ணா” என்று சொல்லிவிட்டு, அவர்களுக்குப் பின்னால் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.