அழக் கூடாத வீடு

ஆற்றங்கரை மணலைக் கையாலேயே தள்ளிக் குழியை மூடினான் கோதண்டபாணி. மண்வெட்டியை நீட்டியவரை அவன் பார்க்கவே இல்லை. உள்ளே வேப்பிலைக்கு நடுவில் அவனுடைய ஒரே மகன் வேலன் கிடந்தான். இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயதில்லை.

“அழாதப்பா. மாரியாத்தா கூட்டிக்கினு போயிருக்கா. அழுதா அவளுக்குக் கோவம் வரும்” என்றார்கள் கூட வந்தவர்கள்.

வைசூரியில் போன பிள்ளைக்கு அழுவதில்லை. வீட்டில் தேவகியும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அதுவும் நல்லதுதான் என்று நினைத்தான். எந்த வாயால் அழுவது?

பங்குனியில் அம்மை குத்துகிற சாமுவேல் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தபோது, தறியில் கல்யாணப் புடவை பாதியில் நின்றது. குத்தினால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்; தாய் மடியை விட்டு இறங்க மாட்டான்; தேவகியால் நூல் சுற்ற முடியாது. “எனக்குந்தான் சின்னதுல அம்மை வந்துது. போவலியா?” என்று தன் கன்னத்துத் தழும்பைத் தடவிக்கொண்டு, மகனை, நெய்யும்போது கால் தொங்கவிடுகிற தறிப்பள்ளத்தில் இறக்கினான். கைநிறையப் பொரிகடலை கொடுத்து மேலே பாயைப் போட்டான். “தாமல் ஊர்ல என் மாமியார் வூட்டுக்குப் போயிருக்கான்” என்று வாசலில் சொன்னான். அந்தச் சாமர்த்தியத்தை அடுத்த வீட்டு முனிரத்தினத்திடம் சொல்லிச் சிரித்தான்.

ஆற்றில் முழுகித் திரும்பியபோது, மறுபடியும் அம்மை குத்த வந்த சாமுவேல் தெருவில் நின்றிருந்தார்.

“அன்னிக்குப் பொய் சொல்லிட்டேங்க. பையன் பள்ளத்துலதான் இருந்தான்.”

சாமுவேல் தோள்பையின் வாரைத் திருகினார். “அவன் சிரிச்சது எனக்கும் கேட்டுதுப்பா. நல்ல வெயிலு. போனாப் போவுதுன்னு நானும் போயிட்டேன்.”

இருவரும் சேர்ந்தே அடுத்த வாசலுக்குப் போனார்கள்.

“பொண்ணா? ஊர்ல இல்லீங்க. அவ சித்தி வூட்டுக்கு…” கோதண்டபாணியைக் கண்டதும் முனிரத்தினத்துக்குப் பேச்சு நின்றது.

உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள். “எழவு வூட்டுக்காரருக்கு இங்க இன்னா வேலையாம்?”

கோதண்டபாணி கோபப்படவில்லை. “நான் சொல்லிக் குடுத்த வித்தைதானே, முனிரத்தினம். அது என் புள்ளையோட போவட்டும்.”

முனிரத்தினம் தலைகுனிந்து உள்ளே போனான். தறிப்பள்ளத்திலிருந்து மகளைத் தூக்கி வந்தான்.

கோதண்டபாணி அவள் கையை அசையாமல் பிடித்துக்கொண்டான். சாமுவேல் ஊசியைத் திருகியதும் அவள் தெருவே கேட்க வீறிட்டாள்.

“துடைக்காதீங்க, காயட்டும்” என்றார் சாமுவேல்.

“ஆயிடுச்சு கண்ணு, ஆயிடுச்சுமா” என்று ஊதினான் கோதண்டபாணி.

அழுகை தேம்பலாகி ஓய்ந்தது. தெருக்கோடியில் ஐஸ்காரனின் மணி கேட்டு அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கோதண்டபாணி இன்னும் அவள் கையை ஊதிக்கொண்டிருந்தான்.