டைல்ஸ் கடை மாடியில் பேசக் கூடாது

துறையூர் ரோட்டு டைல்ஸ் கடையின் பக்கவாட்டுப் படிகளில் பாதி ஏறியதும் சுகன்யா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவாள். அதற்கு மேல் வேறு ஊர். சுவரின் விளிம்புகள் கரைந்துவிடும். கதவுக்கு மேலே எரியும் பல்பு, தண்ணீரில் மிதக்கும் எலுமிச்சம்பழம் போலாகும். வாசலில் நிற்கும் பெண்கள் வெறும் நிறங்களாகிவிடுவார்கள். பச்சை, மெரூன், கறுப்பு. அந்த நிறங்களைப் பார்த்துப் பொதுவாக ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பாயை விரிப்பாள்.

உள்ளே மூக்குக்கண்ணாடி எப்படியும் உதவாது. ஜன்னல்களைத் தெர்மோகோல் வைத்து அடைத்திருந்தார்கள். மூலைகளில் ரூம் ஹீட்டர்கள். வெறும் வறண்ட சூடு தொண்டையைப் பிடிக்கும் என்பதால், பின்சுவர் ஓரம் இண்டக்‌ஷன் அடுப்பில் கல்யாண வீட்டு அளவுக்கு ஒரு இட்லிப்பானை. தட்டு கிடையாது, மாவு கிடையாது, தண்ணீர் மட்டும் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆவியில் மூக்குக்கண்ணாடியில் வெள்ளை படியும்.

வகுப்பு மர்ஜியாவுடையது. லப்பைக்குடிக்காட்டுக்காரர். கல்யாணமாகிப் பல வருஷம் சார்ஜாவில் இருந்தவர். வீடு, கார், கடை எல்லாமே ஏசியாக இருந்த அந்த ஊரில் வேர்ப்பதற்கென்றே ஹாட் யோகா வகுப்புக்குப் போகத் தொடங்கி, பிறகு சொல்லிக்கொடுக்கவும் படித்தார். குடும்பத்தோடு திரும்பி வந்தபோது, கணவர் தாஜுதீன் தன் டைல்ஸ் கடைக்கு மேலே காலியாகக் கிடந்த மாடியைக் கொடுத்தார். பெரம்பலூர் சிரித்தது. பங்குனி வெயிலில் பஸ் ஸ்டாண்டில் சும்மா நின்றாலே சட்டை நனைகிற ஊரில் இதற்கு ஒரு கிளாஸா? எதிர் டீக்கடை சாமிதுரை, காலையில் ஈரத்தலையோடு இறங்கி வரும் பெண்களைப் பார்த்துத் தினமும் கேட்பார்: "என்னம்மா, இன்னைக்கு எத்தனை ஈடு வெந்துச்சு?"

மர்ஜியாவிடம் இரண்டே சட்டங்கள். உள்ளே பேசக் கூடாது. முடியும்வரை வெளியே போகக் கூடாது.

"தல சுத்துனா உக்காருங்க, படுங்க, தூங்கக்கூட செய்யுங்க. கதவ மட்டும் தொறந்துடாதீங்கம்மா. நான் கஷ்டப்பட்டு சேத்து வச்ச சூடு அத்தனையும் ஓடிப் போயிடும்."

கார்த்திகை மழையில் சுகன்யா சேர்ந்தாள். அப்போது அவள் பெரம்பலூருக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை. பாலக்கரை பக்கம் ஒற்றை அறை. நாள் முழுக்க அவள் வேலை மற்றவர்களின் பெயரைக் கூப்பிடுவது. அரியமுத்து, உள்ள போங்க. அமாவாசை, தண்ணி குடிச்சீங்களா? சாயந்தரம் அறைக்குத் திரும்பிப் பூட்டைத் திறந்தால், மறுநாள் காலைவரை அவள் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை அரியலூர் பஸ் பிடித்து விக்கிரமங்கலம் போனால் அம்மா கூப்பிடுவாள், அதுவும் பெரும்பாலும் "ஏய், இங்க வா" என்றுதான்.

மூக்குக்கண்ணாடியைப் படியிலேயே கழற்றும் பழக்கமும் அம்மா கொடுத்ததுதான். பெண் பார்க்க யாராவது வரும்போதெல்லாம், செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அம்மா அதைப் பிடுங்கிச் சமையலறைப் பரணில் வைத்துவிடுவாள். "பவர் எவ்வளவுன்னு கேட்டா, சும்மா படிக்கறதுக்குத்தான்னு சொல்லு. சிரிச்ச மூஞ்சியா இரு, போதும்." அப்படிச் சிரித்த மூஞ்சியாக இருந்தே அவள் பல மாப்பிள்ளைகளைப் பார்க்காமலே தாண்டிவிட்டாள். லென்ஸ் போட்டுப் பார்த்ததில் கண் சிவந்து நீர் கொட்டியது. புதிதாக யாரையாவது சந்திக்கும்போது கை தானாக மூக்குக்குப் போய்விடும். மாடியில் முதல் நாளும் அப்படித்தான் போனது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆனால் வகுப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாள்கூட விடாமல் போனாள். உடம்பு மெல்ல மெல்லத் திறந்து கொடுத்தது. முதலில் எட்டாத கால்விரல் தை மாதம் எட்டியது. ஒற்றைக்காலில் நிற்கும் ஆசனங்கள் மட்டும் வரவில்லை. "எதுத்தாப்ல சுவர்க் கண்ணாடில உங்க கண்ணையே பாத்துக்கிட்டு நில்லுங்க" என்பார் மர்ஜியா. அங்கே சுகன்யாவுக்குத் தெரிவது முகம் இல்லாத ஒரு நீல டீஷர்ட். எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? ஆடுவாள், காலை ஊன்றுவாள், மறுபடி தூக்குவாள்.

குனிந்த நிலைகளில்தான் அவளுக்கு மற்றவர்கள் கிடைத்தார்கள். தலை தரைக்குப் பக்கத்தில் வரும்போது அடுத்த பாயில் இருக்கும் பாதங்கள் துல்லியமாகத் தெரியும். வலது பக்கத்துப் பாதங்களில் தேய்ந்த மெட்டி. இரண்டாவது விரல் பெருவிரல்மேல் ஏறிப் படுத்திருக்கும், பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் தோழிமேல் சாய்ந்து உட்காரும் பெண்ணைப் போல. அந்தப் பாதங்களுக்கு ஒரு மூச்சும் உண்டு. உள்ளே போகும்போது லேசாக ஒரு விசில், வெளியே வரும்போது நீளமாக, பஸ் கதவு சாத்துகிற மாதிரி. சவாசனத்தில் எல்லோரும் அசையாமல் கிடக்கும்போது சுகன்யா தன் மூச்சை அந்த மூச்சோடு சேர்த்துவிட்டுக் கிடப்பாள். அந்த நேரத்துக்காகத்தான் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்காமல் எழுந்து வருகிறாள் என்று சில நாள் தோன்றும்.

வகுப்பு முடிந்தால் மொட்டைமாடியில் நன்னாரி சர்பத். அங்கேதான் எல்லோரும் பேசுவார்கள். மருமகள், கேஸ் சிலிண்டர், அரியலூர் பக்கம் சிமெண்ட் லாரி கிளப்பும் புழுதி. சுகன்யா டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிறங்களுக்கு நடுவில் நிற்பாள். யார் யார் என்று தெரியாமல் யாரை அக்கா என்பது, யாரை அம்மா என்பது? பேச்சு அவளைச் சுற்றிக்கொண்டு போகும், ரோட்டு நடுவில் நிற்கும் மின்கம்பத்தை வண்டிகள் சுற்றிப் போவது போல. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு இறங்கிவிடுவாள். பாதிப் படியில் மூக்குக்கண்ணாடியைப் போட்டதும் சாமிதுரையின் டீக்கடை, வாழைத்தார், பஸ் போர்டு எல்லாம் ஒரேயடியாகக் கூர்மையாகி முகத்தில் அடிக்கும்.

பங்குனி நடுவில் ஒரு எண்ணம் வந்தது. நான் போகாமல் இருந்தால் யாராவது கேட்பார்களா?

அவள் போகவில்லை. அறையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வழக்கம்போல ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்தன. மர்ஜியா, 'நாளை கரண்ட் கட், பானைக்கு சிலிண்டர் அடுப்பு' என்று போட்டிருந்தார். சுமதி என்ற பெயரில் யாரோ கை கூப்பியிருந்தார்கள். மறுநாளும் அவள் போகவில்லை. மறுநாளும் ரோஜாப்பூ வந்தது. இந்த ஊரில் நான் வேர்த்ததெல்லாம் எங்கே போனது என்று நினைத்துக்கொண்டாள். இந்த மாதத்தோடு நின்றுவிடலாம்.

வேலைக்குப் போனாள். கூட்டமாக இருந்தது. "அமிர்தவல்லி" என்று கூப்பிட்டாள்.

ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் எழுந்து வந்தார். தனியாக. கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், முக்கால்வாசி காலி. மேசைக்கு முன்னால் நின்று சுகன்யாவைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே காத்திருந்தார்.

"வயிறு ஸ்கேன். தண்ணி குடிச்சீங்களாம்மா? யூரின் முட்டுதா?"

சிரிப்பு மெதுவாக இறங்கியது. "ம். முட்டுது."

"செருப்ப வெளிய விட்டுட்டுப் போங்க."

அந்தப் பெண் கதவருகே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். தேய்ந்த மெட்டி. பெருவிரல்மேல் ஏறிப் படுத்திருந்த இரண்டாவது விரல்.

சுகன்யா எழுந்து நின்றுவிட்டாள். கதவு சாத்திவிட்டது. வாசலில் அந்தச் செருப்புகள் மட்டும் கிடந்தன, ஒன்று கவிழ்ந்து. அடுத்து யார் பெயரைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு மறந்துபோயிற்று. "மேடம், டோக்கன்!" என்று யாரோ கத்தினார்கள்.

வெளியே வந்தவர் வயிற்றில் ஜெல் ஒட்டியிருந்த இடத்தில் சேலையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பாத்ரூம் எங்கே என்று யாரையோ கேட்டு ஓடினார். திரும்பி வரும்போது சுகன்யா வழியில் நின்றாள்.

"அக்கா. நீங்க டைல்ஸ் கடை மாடிக்கு வர்றவங்கதான?"

"அடேயப்பா. தெரியுதா?" என்றார் அமிர்தவல்லி. "தெரியாத மாதிரியே கேள்வி கேட்டியே. யூரின் முட்டுதாங்கற."

"எனக்கு நெசமாவே தெரியலக்கா. இது இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது." மூக்குக்கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள். "மேல வரும்போது கழட்டிருவேன். உங்க யாரு மூஞ்சியையும் நான் பாத்ததே இல்ல."

அமிர்தவல்லி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அய்யோ, சிரிக்க வைக்காத, வலிக்குது. பாலக்கரையில நாலஞ்சு தடவ கையக் காட்டிருக்கேன்டி. நீபாட்டுக்குப் போவ. சுமதியப் பாத்தும் அப்படித்தான் போனியாம். அவ, இது ரெட்டப்பிள்ள, கண்ணாடி போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணுன்னே முடிவு பண்ணிட்டா. நாந்தான், அதெல்லாம் இல்ல, இது திமிரு புடிச்சதுன்னு சொன்னேன்."

சுகன்யாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள். "ரெண்டு நாளா நான் வரலக்கா. யாராச்சும் கேட்டாங்களா?"

"அந்த ரெண்டு நாளும் நானே வரலியேம்மா. வயித்து வலி வாரக்கணக்காவே இருக்கு."

"உங்கள யாராச்சும்..."

"யாரு கேப்பா?" அமிர்தவல்லி செருப்பைக் காலால் தேடினார். "உள்ள வாயத் தொறக்கக் கூடாது. வெளிய வந்தா அவங்கவங்க பஸ்ஸு. எனக்கு வேப்பந்தட்டை ஆபீஸ். எங்க வூட்டுக்காரருக்கு அரியலூர் சிமெண்ட் பேக்டரில நைட் ஷிப்ட். அவர் வரப்ப நான் கெளம்புவேன், நான் வரப்ப அவர் கெளம்புவார். ஸ்கேன் எடுக்கணும்னு அவர்கிட்டயே இன்னும் சொல்லல. சொல்ல நேரம் வாய்க்கல."

கவிழ்ந்து கிடந்த செருப்பைச் சுகன்யா குனிந்து நிமிர்த்தி வைத்தாள்.

"ரிப்போர்ட்ல என்ன இருக்கும்?" என்று அமிர்தவல்லி வேறு குரலில் கேட்டார்.

"டாக்டர்தான்கா சொல்லணும். சாயந்தரம் வரும்." அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். ஆனால் சாயந்தரம் அமிர்தவல்லி வந்தபோது கவுண்டரில் வேறு பெண் இருந்தாள். சுகன்யா டீ குடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது ரிப்போர்ட் கவர் போய்விட்டிருந்தது.

மறுநாள் படிகளில் பாதி ஏறியதும் கை மூக்குக்குப் போனது. அவள் அதைக் கீழே இறக்கினாள். மேலே பச்சைக்கு ஒரு முகம் இருந்தது, கன்னத்தில் மருவோடு. "பாத்தியா மர்ஜியாக்கா, இன்னொண்ணு வந்திருக்கு!" என்றது அந்த முகம். இவர்தான் சுமதியாக இருக்க வேண்டும். மர்ஜியா அவ்வளவு குள்ளமானவர் என்று சுகன்யா எதிர்பார்க்கவில்லை. "மாஷா அல்லாஹ், கண்ணாடி நல்லாருக்கே" என்றவர், "சரி, உள்ள போங்க, பானை கொதிக்குது" என்று துரத்தினார்.

உள்ளே போனதும் ஆவி படிந்தது. முகங்கள் மறுபடி போய்விட்டன. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பாயின் தலைமாட்டில் வைத்தாள். வலது பக்கம் பார்த்தாள். வெறும் தரை. யாரும் அங்கே பாயை நகர்த்தி விரிக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவுமில்லை.

"வலது கால் மேல" என்றார் மர்ஜியா.

சுகன்யா காலைத் தூக்கினாள். சுவர்க் கண்ணாடியில் நீல டீஷர்ட் ஆடியது. அறையில் இத்தனை மூச்சுகள். அந்த விசில் மட்டும் இல்லை. காலை இறக்கினாள்.

"அமிர்தவல்லி அக்கா வரல" என்றாள்.

சத்தமாகத்தான் வந்துவிட்டது. ஒற்றைக்காலில் நின்ற நிறங்களில் ஒன்றிரண்டு தடுமாறின. மர்ஜியா உதட்டில் விரல் வைத்தாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு பாய்களுக்கு நடுவில் நடந்து போய்க் கதவைத் திறந்தாள். "ஏம்மா, சூடு!" என்று பின்னால் கேட்டது. சேர்த்து வைத்த சூடு அவளோடு சேர்ந்து மொட்டைமாடிக்கு வந்தது.

விடிந்துகொண்டிருந்தது. கீழே முதல் துறையூர் பஸ். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அமிர்தவல்லியின் நம்பரை அழுத்தினாள்; வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"யாரு?"

"சுகன்யா பேசுறேன்க்கா."

"எந்த சுகன்யா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை மாதம் பக்கத்துப் பாயில் படுத்தும் தன் பெயரை அவரிடம் சொன்னதில்லை. "ஸ்கேன் சென்டர். மாடில உங்களுக்குப் பக்கத்துல."

"ஓ." "ரெட்டப்பிள்ளைல எது பேசுது?"

"கண்ணாடி போட்டது" என்றாள். கண்ணாடி உள்ளே பாயில் கிடந்தது. எதிரே ஊர் முழுக்க வெளிச்சப் புள்ளிகளாக மிதந்தது. "ரிப்போர்ட் பாத்தீங்களாக்கா?"

"கவரு இங்கதான் இருக்கு. பிரிக்கல. அவர் வந்ததும் பிரிக்கலாம்னு. இன்னைக்கு ஷிப்ட் முடிய லேட்டாகுமாம்." அமிர்தவல்லியின் குரல் தாழ்ந்தது. "வச்சுடாத. வூட்ல யாருமில்ல."

"வைக்கலக்கா."

ஆனால் அதற்கு மேல் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒருவருக்கொருவர் அவ்வளவு புதிது. சுகன்யா மொட்டைமாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். உடம்பில் வேர்வை குளிர ஆரம்பித்தது. உள்ளே மர்ஜியா அடுத்த காலைச் சொல்லிக்கொண்டிருந்தார். போனில் மூச்சு கேட்டது. உள்ளே போகும்போது லேசாக ஒரு விசில், வெளியே வரும்போது நீளமாக. சுகன்யா கண்ணை மூடித் தன் மூச்சை அதோடு சேர்த்துவிட்டாள்.