வீட்டில் ஆட்கள் இருக்கிறோம்

ரயில் நிலைய அறிவிப்பாளரின் தொண்டையை விட்டுப் போன குரல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவருடைய வலைப்பதிவில் யாரோ போட்ட பின்னூட்டத்தோடு திரும்பி வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக அவர் வாயிலிருந்து காற்றைத் தவிர எதுவும் வந்ததில்லை. அன்று முகம் கழுவிவிட்டு வந்து கணினியைத் திறந்தார். ஒரே ஒரு பின்னூட்டம் காத்திருந்தது. வெளியிடு என்ற இடத்தை அழுத்தியதும் அவர் வாய் தானாகத் திறந்து, "அருமை" என்றது. மூன்றாம் நடைமேடையில் நின்றவர்களை மூட்டை முடிச்சோடு ஐந்தாம் நடைமேடைக்கு ஓட வைத்த அதே குரல். சமையலறையில் இருந்த மனைவி, "பால் பொங்கி வழியுது, இதுல என்ன அருமை?" என்று கேட்டுவிட்டு, பேசியது யார் என்பது பிறகு உறைத்து, கரண்டியைக் கீழே போட்டார்.

வலைப்பதிவு அதற்கு முன்பே இருந்தது. குரல் போன பிறகு பொழுது போகாமல், நிலையத்தில் முப்பது வருடம் கேட்ட சத்தங்களைப் பற்றி அவர் எழுதிவந்தார். தாமதமாக வரும் வண்டியை எந்தத் தொனியில் அறிவித்தால் ஜனங்கள் திட்ட மாட்டார்கள், ஒலிபெருக்கியில் இருமல் வந்தால் என்ன செய்வது என்பது போன்ற விஷயங்கள். படிப்பவர்கள் குறைவு. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு கணவனும் மனைவியும் ஒரு வாரம் சோதித்துப் பார்த்துச் சில விஷயங்களை உறுதி செய்துகொண்டார்கள். வெளியிடப்பட்ட பின்னூட்டம் மட்டுமே குரலாக வரும். ஒரு முறைதான் வரும். எழுதியது எழுதியபடி, அந்த நேரத்தில் எதிரே யார் இருக்கிறார்களோ அவர்களைப் பார்த்து வரும். அவரே எழுதும் பதிவும் பதிலும் குரலாக வராது. தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார், உள்ளே ஒன்றும் மாறவில்லை என்றார், வலைப்பதிவின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆரம்பத்தில் எதையும் தடுக்காமல் வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். வாய் இல்லாதிருந்த வீட்டுக்கு எந்தச் சொல்லும் விருந்தாளிதான். அதில் முதலில் சலித்துப்போனது 'அருமை'. பெட்டிக்கடைக்காரர் என்று கையெழுத்திடும் ஒரு வாசகர் எந்தப் பதிவுக்கும் அந்த ஒரு சொல்லை மட்டுமே எழுதுவார். பதிவைப் படிக்காமலே எழுதுகிறார் என்பது, ஒரு துக்கச் செய்திக்கும் அவர் அதையே எழுதியபோது தெரிந்தது. அன்று துக்கம் சொல்ல வந்திருந்த பழைய சக ஊழியரின் முகத்துக்கு நேராக அறிவிப்பாளர் "அருமை" என்றார். அடுத்து வந்தவை விளம்பரங்கள். மனைவியின் அக்கா ஒருநாள் பார்க்க வந்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, "பத்தே நாளில் உடல் மெலிய இன்றே அழையுங்கள்" என்றார் அறிவிப்பாளர். அந்த அக்கா இரண்டு மாதம் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. வாக்கியத்துக்குப் பத்து ஆச்சரியக்குறி போடும் ஒருவர் இருந்தார். அவருடையது வந்தால் அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் நடுங்கும்; மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து என்ன சண்டை என்று விசாரிப்பார்.

மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவர். வலியோடு வருபவரையும் வம்போடு வருபவரையும் வாசலிலேயே பிரிக்கத் தெரிந்தவர். எதை வெளியிடுவது, எதை அழிப்பது என்று மட்டுறுத்தும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். மாலையில் வேலை முடிந்து வந்ததும் காத்திருக்கும் பின்னூட்டங்களைத் திறந்து, ஒவ்வொன்றையும் மெல்ல வாய்விட்டுப் படித்து, இதை என் எதிரே நின்று ஒருத்தர் சொன்னால் உள்ளே விடுவேனா என்று கேட்டுக்கொள்வார். விடுவேன் என்றால் வெளியிடுவார். விளம்பரத்தை அழிப்பார். அறிவிப்பாளர் யார் எழுதினாலும் பதில் எழுதிவிடுவார். 'அருமை'க்கும் 'வருகைக்கு நன்றி' என்று எழுதுவார். வந்தவரை வா என்று சொல்லாமல் விடுவது அவருக்குத் தெரியாத காரியம்.

ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகவில்லை. சிக்னல்காரர் என்று ஒரு வாசகர் இருந்தார். சிக்னல் அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எந்தப் பதிவிலும் ஒரு பிழையாவது கண்டுபிடிப்பார். அதை அழித்துவிடலாம் என்றார் மனைவி. அறிவிப்பாளர் தலையை ஆட்டி மறுத்து, தாளில் எழுதிக் காட்டினார்: மரியாதையாத்தானே சொல்றாரு, காரணமும் சொல்றாரு, அதை மறைச்சா நான் எழுதுறது பொய். அதனால் அதையும் வெளியிட்டார்கள். எதிரே மனைவிதான் இருந்தார். "மன்னிக்கணும், நீங்க சொன்னது தப்பு. மஞ்சள் விளக்கு எரிஞ்சா வண்டி நிக்காது, வேகத்தைக் குறைக்கும்," என்றார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து 'நீ' என்று மட்டுமே கூப்பிட்டவர் நீங்க என்றதும், மஞ்சள் விளக்கைப் பற்றித் தனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லாவிட்டாலும், பரவாயில்லைங்க என்றார் மனைவி. அதன்பிறகு சிக்னல்காரரின் பின்னூட்டத்தை அவர் தாமதப்படுத்தவே இல்லை.

இப்படி இரண்டு வருடம் போனது. அப்போதுதான் மகள் வீட்டுக்கு வந்தாள். கட்டட வரைபடம் போடும் வேலையில் வேறு ஊரில் இருந்தவள். கல்யாணம் முறிந்து, வேலையையும் விட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு வந்து தன் பழைய அறையில் படுத்துக்கொண்டாள். அதிகம் பேசவில்லை. தன்னால் எல்லோருக்கும் தொந்தரவு என்று அம்மாவிடம் இரண்டொரு முறை சொன்னாள். அவளிடம் அப்பா நாலு வார்த்தை தாராளமாகப் பேசட்டும் என்று மனைவி நினைத்தார். மாலை வரை காத்திருந்து எண்ணி எண்ணி விடுகிற பேச்சாக இல்லாமல், எல்லா வீட்டிலும் போல வந்தபடி வரட்டும் என்று, மட்டுறுத்தலை நீக்கிவிட்டு வேலைக்குப் போனார். யார் எழுதினாலும் உடனே வெளியாகும். இந்த இடத்தில் அவர் மேல் குற்றம் சொல்பவர்களும் உண்டு. ஆசைப்பட்டுத்தான் செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

காலையெல்லாம் நன்றாகவே போனது. சிக்னல்காரர் ஒரு திருத்தம் சொன்னார். இன்னொருவர் தன் ஊர் நிலையத்தில் இருந்த பழைய மணியைப் பற்றி எழுதியிருந்தார்; அப்பா அதைக் கதை போலச் சொல்ல, மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். மதியம், அவள் அவருக்குத் தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்து வந்தபோது, பெயர் போடாத ஒருவரின் பின்னூட்டம் வந்தது. அறிவிப்பாளர் தன் மகளின் முகத்தைப் பார்த்து, வண்டி எண்ணைச் சொல்வது போலத் தெளிவாகச் சொன்னார்: "உன்னால யாருக்கு என்ன பிரயோஜனம்? இடத்தை அடைச்சுக்கிட்டு. கிளம்பு, காத்து வரட்டும்."

வாயைக் கையால் பொத்திக்கொண்டார், ஆனால் சொல்லி முடித்த பிறகு. மகளுக்கு விவரம் தெரியும். யாரோ எழுதியது என்பதும், தன்னை நினைத்து எழுதியதல்ல என்பதும் தெரியும். ஆனால் சின்ன வயதில் அவள் தூங்குவதற்கு ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்ன குரல் அது. தண்ணீரை மேசையில் வைத்தாள். சாயந்திரம் அம்மா வருவதற்குள் பெட்டியோடு போய்விட்டாள். வேறொரு ஊரில் சின்ன வேலை ஒன்று கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை மட்டும் போனில் கூப்பிடுவாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க மாட்டாள்.

அறிவிப்பாளர் பின்னூட்டப் பெட்டியையே மூடிவிட்டார். அந்த வீடு மறுபடியும் ஊமையானது. சில வாரம் பொறுத்த மனைவி ஒருநாள் கணினி முன் உட்கார்ந்து, பின்னூட்டமாகப் போடுவதற்காக, வாசகர் ஒருவர் போல வேறு பெயர் போட்டு, மகளிடம் அவர் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று தனக்குத் தோன்றியதோ அதையெல்லாம் எழுதினார். பின்னால் வந்து நின்ற கணவர் படித்தார். தோளைத் தொட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். நம்ம வீட்டுக்கு நாமே முகமூடி போட்டு வரக் கூடாது என்று தாளில் எழுதினார். மனைவி எல்லாவற்றையும் அழித்தார். பிறகு கோபமாகவே சொன்னார்: "சரி. ஆனா நீங்க வாயை மூடிக்கிட்டு உக்காந்தா மட்டும் அவ வந்துடுவாளா?"

அன்றே பின்னூட்டப் பெட்டி திறக்கப்பட்டது. மட்டுறுத்தல் பழையபடி வந்தது. பெட்டிக்கு மேல் மனைவி தன் பெயரில் ஒரு குறிப்பு எழுதினார்: 'நீங்கள் இங்கே எழுதுவதை இந்த வீட்டில் ஒருவர் தன் வாயால் சொல்கிறார். எதிரே இருப்பவர் காதில் அது விழுகிறது. வீட்டில் ஆட்கள் இருக்கிறோம். படித்துவிட்டு எழுதுங்கள், பெயரோ தொழிலோ போடுங்கள், மறுத்துச் சொல்வதானால் காரணத்தோடு சொல்லுங்கள்.' நம்புவார்களா என்று இருவருக்கும் சந்தேகம்தான். நம்பினார்கள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், வீட்டில் அவருக்கு என்னென்ன வார்த்தை தேவைப்படும் என்று கேட்டார். அதிலிருந்து ஒரு வழக்கம் உண்டானது. முதல் வரி பதிவைப் பற்றி இருக்கும். இரண்டாவது வரி வீட்டுக்கு. சிக்னல்காரர், தண்டவாள இணைப்பைப் பற்றிய பிழையைத் திருத்திவிட்டு, 'இன்னும் கொஞ்சம் சோறு போடு' என்று சேர்த்து அனுப்பினார். இன்னொருவர் 'கதவைச் சாத்து, கொசு வருது' என்று எழுதினார். தொண்டை மருத்துவர், 'வேலை எப்படிப் போச்சு, கால் வலிக்குதா' என்று எழுதினார். அதை மனைவி ஒரு முழு நாள் வைத்திருந்து, கால் உண்மையாகவே வலித்த மாலையில் வெளியிட்டார். ஆச்சரியக்குறிக்காரர் குறிகளை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் 'தூங்கு' என்று மட்டும் எழுதினார். பார்த்தறியாத மனிதர்கள் தங்கள் வேலைக்கு நடுவே ஒரு வீட்டுக்குப் பேச்சு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி எழுதினார். அந்த வரி குரலாக வந்த நேரத்தையும், எதிரே இருந்தவர் என்ன பதில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதினார்.

மழைக்காலம் தொடங்கியபோது அந்தப் பின்னூட்டம் வந்தது. மனைவி அதைப் படித்துவிட்டு வெளியிடவில்லை, அழிக்கவும் இல்லை. மேலும் இரண்டு முறை படித்தார். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்று விரலால் நாட்காட்டியைத் தொட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். சாப்பாடு, சம்பளம், அறை ஒழுகுவது எல்லாம் பேசி முடிந்ததும், அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம் என்றார் அம்மா. மறுமுனையில் மகள் ஒழுகும் இடத்துக்கு வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"யாரு எழுதினது?"

"அன்னைக்கு எழுதினவர்தான்."

"நீ திருத்தினியா?"

"ஒரு எழுத்துகூடத் தொடலை."

"சரி, குடு."

அம்மா போனைக் கணவரின் வாய்க்கு அருகே வைத்துவிட்டு, மறு கையால் வெளியிட்டார். அறிவிப்பாளர் பேசினார்.

"ஐயா, வணக்கம். பேர் போடாம எழுதினது நான்தான். உங்க பதிவை நான் படிக்கக்கூட இல்லை. என் மேல எனக்கே இருந்த கோபம், கண்ணுல பட்ட முதல் கதவை உதைச்சுட்டுப் போயிட்டேன். உள்ள ஆள் இருக்குன்னு அம்மா எழுதினதைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது. கிளம்புன்னு சொன்னேன். நீங்க கிளம்ப வேணாம் ஐயா. அது உங்க இடம். யாருக்கும் நீங்க தொந்தரவு இல்லை. மன்னிச்சிடுங்க. இப்படிக்கு, லிஃப்ட் மெக்கானிக்."

மறுமுனையில் அழுகையா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான் என்று அம்மா பிற்பாடு சொன்னார். "ஏம்பா," என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்னை ஐயாங்கிறீங்க. எப்ப லிஃப்ட் மெக்கானிக் ஆனீங்க?" அப்பாவின் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. அதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வைப்பதற்கு முன், அந்த ஆளுக்குப் பதில் போட்டுட்டீங்களா என்று மட்டும் கேட்டாள். அன்றிரவே அவர் போட்டார். அது அந்த வலைப்பதிவிலேயே மிக நீளமான பதில். நீங்கள் திரும்பி வந்து கதவைத் தட்டியதற்கு நன்றி என்று அது தொடங்கும்.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வருவதாக மகள் சொன்னாள். அவள் வரும் நாளை வாசகர்களுக்குச் சொல்லலாமா என்று மனைவி யோசித்தார். சொன்னால் நல்ல வரிகளாகக் குவியும். கேட்டு வாங்குவது முறையில்லை என்று சொல்லாமல் விட்டார். அதனால் அன்று வாசல் மணி அடித்தபோது, கணவர் கதவைத் திறக்கப் போக, மனைவி கணினியைப் பார்த்தால், காத்திருந்தது ஒன்றே ஒன்று. பெட்டிக்கடைக்காரர். படிக்காமலே எழுதியது. ஒலிபெருக்கியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை எப்படி எடுப்பது என்ற பதிவுக்கு. மனைவி ஒரு நொடி தயங்கினார், பிறகு அழுத்தினார்.

வாசலில் பெட்டியோடு, பாதி நனைந்து மகள் நின்றிருந்தாள். அப்பா அவளைப் பார்த்து, "அருமை," என்றார்.

"யாரு, பெட்டிக்கடைக்காரரா?" என்று கேட்டபடி அவள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினாள். அவர் தலையாட்டினார், பெட்டியை வாங்கி அவள் அறையில் வைத்தார், பிறகு கணினிக்கு வந்து, வழக்கம் போல, வருகைக்கு நன்றி என்று எழுதினார். இப்போது மாலை நேரங்களில் மகளும் அம்மாவும் சேர்ந்து மட்டுறுத்துகிறார்கள். மாடி வீட்டுக்காரர் எதையாவது கேட்க இறங்கி வந்தால், இன்னும் எதுவும் வரலைங்க, கொஞ்சம் கழிச்சு வாங்க, அப்பா பேசுவார் என்கிறார்கள். அவரும் சரி என்று மேலே போய்விடுகிறார்.